பேக்கார்டு ஜெயித்தால்…

அத்தியாயம் 14

பேக்கார்டு தோற்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே, அதன் மட்கார்டைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தாள் ஆதிரா.

கை ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் போவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை இந்த வண்டிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறாள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுக்கிறவள், லீவு நாளில் வடசேரியிலிருந்து பஸ் பிடித்துத் தெங்கம்புதூர் வந்து, அப்பாவின் ஷெட்டில் மல்லாக்கப் படுத்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மாட்டி ஓட வைத்த வண்டி. இன்று அது ஜெயித்தால், நாளைக் காலையில் லாரி ஏறிக் கொச்சிக்குப் போய்விடும்.

போன வாரம் நடந்தது இதுதான். நான்குவழிச் சாலைக்கு அளக்க வந்தவர்கள் ஷெட்டின் தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் சாலைக்கு. இந்தப் பக்கம் மிஞ்சுவதில் ஒரு கார் நிற்கலாம். ஷெட்டில் நிற்பவையோ இரண்டு.

ஒன்று, அப்பா சுயம்புராஜின் 1938 மாடல் பேக்கார்டு. ரப்பர் வியாபாரத்துக்காகக் கீரிப்பாறைப் பக்கம் அலைந்த காலத்தில், ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் அதைக் கண்டார். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை மட்டும் இறக்கிவிட்டு வண்டியை வாங்கிவந்தார்.

மற்றது, அப்பாவின் அண்ணன் வைகுண்டராஜனின் 1976 கேடிலாக். குவைத்திலிருந்து திரும்பியவர்கள் டேப் ரெக்கார்டரும் கம்பளியும் கொண்டுவந்த காலத்தில், பெரியப்பா கொச்சித் துறைமுகத்தில் இறக்கியது வெண்ணெய் நிறத்தில் ஏறக்குறைய இருபதடி நீள வண்டி.

இரண்டும் அமெரிக்காவில் பெரிய இடத்துப் பிள்ளைகள். இடையில் முப்பத்தெட்டு வருட வித்தியாசம். தலைக்கு மேல் ஒரே ஓடு. நடுவில் ஒரு சுவர்.

சுவர் எழும்பிப் பதினோரு வருடமாகிறது. பேக்கார்டின் மூக்குநுனியில் ஒரு பொம்மை இருந்தது. சிறகு விரித்த பெண்ணொருத்தி, இரண்டு கையாலும் ஒரு சக்கரத்தை முன்னால் நீட்டிப் பிடித்துப் பறப்பாள். ஒரு நாள் அவளைக் காணோம். அண்ணன்தான் பொறாமையில் எடுத்துவிட்டார் என்று அப்பா தெருவில் நின்று சொன்னார். மறுநாள் பெரியப்பா சிமென்ட் கல் இறக்கிவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் பெரியம்மா சொர்ணம்மாள் இறந்தபோதுகூட அப்பா வாசலோடு நின்று திரும்பினார்.

வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே பொது நிலம் கிடக்கிறது. இரண்டு காருக்கும் தாராளமாக ஷெட் போடலாம். அதற்கு இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது நடக்காது என்பதால், கொச்சியில் பழைய கார்களைக் காட்சிக்கு வைக்கும் ஓர் இடத்துக்கு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தன் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினார்கள். ஒரு காருக்குத்தான் இடம் உண்டு, ஆள் அனுப்பி இரண்டையும் ஒப்பிட்டு நல்லதை எடுத்துக்கொள்கிறோம் என்று இருவருக்கும் ஒரே பதில் வந்தது.

ஜெயிக்கிறவர் காரை இழப்பார். தோற்கிறவர் காரோடு இருப்பார். இது இரண்டு கிழவர்களுக்கும் உறைக்கவில்லை. ஆதிராவுக்கு உறைத்தது. அவளுடைய ஒரே நம்பிக்கை, பேக்கார்டின் மூக்கில் பொம்மை போன இடத்து வெறும் ஓட்டைகள்தான்.

"ஏட்டி, கைய கழுவிட்டு வா. மாவு பொங்கி வழியுது" என்று அடுக்களையிலிருந்து அம்மா செல்லக்கனியின் குரல் கேட்டது.

உள்ளே போனால் சின்ன இட்லிப் பாத்திரம்தான் அடுப்பில் இருந்தது. வருகிறவருக்கும் வீட்டுக்கும் சேர்த்து இது காணாது. அம்மா கொல்லையில் தேங்காய் உரிக்கப் போயிருந்தாள். ஆதிரா ஸ்டூலில் ஏறி, மச்சின் மூலையிலிருந்த பெரிய இட்லிக் கொப்பரையை இழுத்தாள்.

கனத்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு காவித் துண்டுப் பொட்டலம்.

பிரித்தாள். சிறகு விரித்த பெண் அவள் உள்ளங்கையில் சக்கரத்தை நீட்டிக்கொண்டு கிடந்தாள்.

"அத ஏன் எடுத்தே?"

வாசலில் அம்மா. கையில் பாதி உரித்த தேங்காய்.

"அம்மா… இது இங்க எப்படி?"

அம்மா கதவைச் சாத்தினாள். "மெதுவா பேசு மக்ளே. எடுத்தது நான்தான்."

"நீயா?"

"ரோட்டுல போறவ எல்லாம் சக்கரத்தம்மா, சக்கரத்தம்மான்னு கும்பிட ஆரம்பிச்சாளுவ. லைசென்ஸ் எடுக்கப் போறவன் எலுமிச்சம்பழம் வச்சான். ஒருத்தி சூடம் கொளுத்தினா. இன்னொருத்தி முற்றத்துல பொங்கலே வச்சிட்டா! நம்ம வீட்டுல கண்ணாடிக்கு முன்னாடி நின்னுல்லா அய்யாவக் கும்பிடுகோம்? சிலைக்கு இங்க ஏது எடம்? நாம கும்பிடப் போற நிழல்தாங்கல்ல பணிவிடை செய்யுதவரு வந்து, 'செல்லக்கனி, இது நல்லால்ல'ன்னு முகத்துக்கு நேரா சொன்னாரு. ஒங்கப்பா அன்னைக்குக் கோட்டயம் போயிருந்தாவ. வந்ததும் சொல்லிக்கிடலாம்னு கழத்தி வச்சேன்."

"நீ எப்படிம்மா கழத்தினே?"

"தையல் மிஷின அக்குஅக்கா பிரிச்சி மாட்டுதவளுக்கு ரெண்டு நட்டு பெரிய காரியமா?"

"பின்ன ஏன் சொல்லல்ல?"

அம்மா தேங்காயைத் தரையில் வைத்தாள். "நான் குளிச்சிட்டு வாறதுக்குள்ள ரெண்டு பேரும் தெருவுல நின்னு களவாணி அது இதுன்னு பேசி முடிச்சிட்டாவ. நாளைக்குச் சொல்லலாம்னேன். அடுத்த வாரம்னேன். சுவரு வந்துட்டு. அப்பொறம் எந்த வாயால சொல்ல?"

வெளியே கார் ஹார்ன் கேட்டது. கொச்சிக்காரர் வந்துவிட்டார்.

அம்மா அவள் கையிலிருந்ததை மறுபடி துண்டில் சுற்றினாள். "இத வெளிய எடுத்தா வண்டி ஜெயிச்சிரும். நீ ஒரு ஒரு ஸ்க்ரூவா பூட்டின வண்டி போயிரும், கேட்டியா. இவ்வளவு நாள் இருந்தாச்சு. இன்னும் ஒரு மணிக்கூறு இருக்கட்டும்."

கொப்பரை மச்சுக்குத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஆதிரா. தடுக்கவில்லை.

கொச்சிக்காரர் என்று எதிர்பார்த்தால் வந்தவர் மார்த்தாண்டத்துக்காரர். பெயர் ஞானையன். அறுபது வயது, முழுக்கைச் சட்டை, நீளக் குச்சியின் நுனியில் கட்டிய சின்னக் கண்ணாடி. வண்டிக்கு அடியில் அதை விட்டுப் பார்ப்பார், நாக்கைச் சப்புக்கொட்டுவார், அட்டையில் செருகிய தாளில் ஏதோ எழுதுவார்.

ஷெட்டின் முன்னால் இரண்டு வண்டிகளும் மூக்கை நீட்டி நின்றன. சுவரின் இந்தப் பக்கம் அப்பா. அந்தப் பக்கம் பெரியப்பா. இருவரும் ஞானையனைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"ஸ்டார்ட் செய்யலாமா?" என்றார் ஞானையன்.

ஆதிரா பேக்கார்டின் எஞ்சினை எழுப்பினாள். எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில். அப்பா ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து எஞ்சின் தலைமேல் செங்குத்தாக நிறுத்தினார். எஞ்சின் ஓடியது. நாணயம் விழவில்லை.

"அம்மோ!" என்றார் ஞானையன். "இது ஓடுதா, ஒறங்குதா?"

அப்பாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வந்தது. "ஏட்டி ஆதிரா, சுவருக்கு அங்க நிக்குதவருகிட்ட கேளு. அவரு வண்டி மேல காசு நிக்குமான்னு."

"ஆதிரா, அவருகிட்ட சொல்லு" என்றது சுவரின் அந்தப் பக்கம். "காசு வைக்கதுக்கு உண்டியல் இருக்கு. காரு எதுக்கு?"

ஞானையன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு கேடிலாக்குக்கு நகர்ந்தார். பெரியப்பா இடது பக்கம் ஏறி உட்கார்ந்து ஒரு விசையைத் தட்டினார். முன்சீட் தானாக முன்னால் நகர்ந்தது. இன்னொன்று. கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து டாஷ்போர்டின் மேல் விரித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"எதுக்கு இது?"

"பொறுங்க."

கொஞ்ச நேரத்தில் முன்விளக்குகள் தாமே எரிந்தன. பட்டப்பகல் பத்து மணிக்கு.

"வெளிச்சத்தப் பாக்குத கண்ணு துண்டுக்கு அடியில இருக்கு. மறைச்சா சாயங்காலம் ஆயிட்டுன்னு வண்டி நினைச்சிக்கிடும்" என்றார் பெரியப்பா. "இருட்டினது மனுசனுக்கு மறந்தாலும் இவளுக்கு மறக்காது."

"எட்டு லிட்டருக்கு மேல எஞ்சின்" என்று அப்பா காற்றிடம் சொன்னார். "தெங்கம்புதூர்ல கிளம்பினா சுசீந்திரத்துல பெட்ரோல் போடணும்."

"அந்தக் கம்பெனியே இப்ப இல்ல" என்று பெரியப்பாவும் காற்றிடம் சொன்னார். "ஒரு வாஷர் வேணும்னா அஞ்சு தேசத்துக்கு எழுதிப் போடணும்."

முக்கால் மணி நேரம் இரண்டையும் குடைந்தார் ஞானையன். கடைசியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ளத பறயட்டா? பேக்கார்டு ராசாவுக்க வண்டி. ரோடு எப்படி இருந்தாலும் நிமிர்ந்து இருந்து நாலு பேரப் பாத்துட்டுப் போவலாம். கேடிலாக்கு பணக்காரனுக்க வண்டி. ரோடு இருக்கதே தெரியாது. அதுல ஆசாரி கை தெரியுது. இதுல எஞ்சினியர் மூளை தெரியுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. அதனால சின்னச் சின்ன காரியத்துலதான் மார்க்கு." பேக்கார்டின் மூக்கில் விரலை வைத்தார். "இங்க இருந்த பொம்மை எங்க?"

ஆதிரா குனிந்து, ஏற்கெனவே துடைத்த மட்கார்டை மறுபடி துடைத்தாள்.

"அடுத்த பக்கம் கேளுங்க" என்றார் அப்பா.

ஞானையன் யாரிடமும் கேட்கவில்லை. தாளில் கூட்டினார். "கேடிலாக்கு எண்பத்திரண்டு. பேக்கார்டு எழுபத்தொம்பது. பொம்மைக்கு அஞ்சு மார்க்கு போயிட்டு."

தோற்றுவிட்டது! வண்டி போகாது. ஆதிராவின் கைகள் தாமாக பானட்டைத் தொட்டன. இன்னும் சூடாக இருந்தது. அம்மா அடுக்களை ஜன்னலில் நிற்பது தெரிந்தது.

"களவாண்டு ஜெயிச்சா அது ஜெயிப்பா?" அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

பெரியப்பா கத்துவார் என்று ஆதிரா எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஞானையனிடம் வந்தார்.

"என் வண்டியக் கொண்டு போங்க சார். ஆனா அந்தத் தாள்ல ஒரு வரி எழுதிக்கிடுங்க. பொம்மைய வைகுண்டராஜன் எடுக்கல்ல. யாரும் கேட்டா காட்டுறதுக்கு எனக்கு ஒரு எழுத்து வேணும்." துண்டின் நுனியை முறுக்கினார். "என் பொண்டாட்டி சாவ கெடக்கும்போதும் அதத்தான் கேட்டா. 'நெசமாவே நீங்க எடுக்கல்லல்லா?'ன்னு. நான் சொன்னேன். நம்பினாளா, நம்பாம போனாளான்னு எனக்குத் தெரியாது."

பானட்டிலிருந்த கைகளை ஆதிரா எடுத்துக்கொண்டாள்.

அவள் ஓடவில்லை. ஆனால் அடுக்களைக்குள் எப்படிப் போனாள், ஸ்டூலை எப்போது இழுத்தாள் என்று பிறகு யோசித்தால் அவளுக்கே நினைவில்லை. கொப்பரையை இறக்கும்போது அம்மா அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி போயிரும் மக்ளே."

"போட்டும்மா."

"அப்ப நீ பேசாத. நான் சொல்லுகேன்."

முற்றத்துக்கு வந்து, நான்கு பேர் முன்னால் துண்டைப் பிரித்தாள் செல்லக்கனி. வெயில் பட்டு, சிறகு பளீரென்றது. கோட்டயம் போன நாளிலிருந்து தொடங்கி, எலுமிச்சம்பழம், பொங்கல், பணிவிடைக்காரர் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பெரியப்பாவைப் பார்த்துப் பேசியபோதுதான் குரல் இடறியது. "சொர்ணம்மக்காகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கணும் அத்தான். அது எனக்குள்ள பாரமா கெடக்கு."

பேக்கார்டின் எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"பதினோரு வருஷம்!" அப்பா பொம்மையைத் தொட்டுப் பார்த்தார். "பதினோரு வருஷமா அடுக்களையில வச்சிக்கிட்டு…"

"ஊரெல்லாம் கேட்டிய. போலீஸ்ல கேட்டிய. பழைய இரும்பு வாங்குத ஆக்கர் கடையில போயிக் கேட்டிய" என்றாள் செல்லக்கனி. "ஒரு நாளாவது, ஏ செல்லக்கனி, நீ பாத்தியான்னு எனக்கிட்ட கேட்டியளா?"

அப்பா குனிந்து செருப்பைத் தேடினார்.

ஞானையன் தொண்டையைச் செருமினார். "பொம்மை அசல். அப்ப… அஞ்சு கூட்டினா எண்பத்திநாலு. பேக்கார்டுதான் ஜெயிச்சது. காலையில லாரி வரும்."

ஆதிரா தரையைப் பார்த்தாள். அழக்கூடாது என்று தீர்மானித்திருந்தாள். மட்கார்டில் துடைக்காமல் விட்ட ஒரு விரல் அடையாளம் கண்ணில் பட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

அப்பா ஜெயித்த காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பை இழுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்தார். கேடிலாக்கின் முன்னால், அண்ணனுக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"அண்ணே."

"என்னலே?"

"ஒண்ணுமில்ல."

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து நின்னு ஒண்ணுமில்லங்கான் பாரு!"

அப்பா இன்னும் ஓரடி நெருங்கினார். "சாவ கெடக்கும்போது மைனி கேட்டதுக்கு நான்லா பதில் சொல்லியிருக்கணும். இனி எங்க போயிச் சொல்ல?"

பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். "எனக்கிட்ட சொல்லு. நான் போவும்போது சொல்லிக்கிடுகேன்."

அப்பா சொன்னார். மெதுவாகச் சொன்னதால் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டது. பெரியப்பா துண்டால் முதலில் தம்பியின் முகத்தைத் துடைத்தார். பிறகு தன் முகத்தை.

"சார்" என்று திரும்பினார் பெரியப்பா. "லாரி வேண்டாம்னு போன் செய்யுங்க."

"அதெப்படி? ஜெயிச்சது அவருக்க வண்டி. அவருல்லா பறயணும்?"

"ஜெயிச்ச வண்டிய அனுப்பிட்டு, தோத்த வண்டிய வச்சிக்கிட்டு நான் யாருகிட்டல சண்டை போட? ஏலே சுயம்பு, பின்னால நிலத்துல ஷெட்டு போட ஒரு கையெழுத்துதானே? பத்திரம் எழுதுதவன் மத்தியானம் வரைக்கும் இருப்பான். ஏறு வண்டியில!"

"எந்த வண்டியில?" என்றார் அப்பா, அந்த நிலையிலும்.

ஆதிராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பேக்கார்டின் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வண்டி லேசாக அமுங்கி எழுந்தது.

"கொச்சியில நான் என்னத்த பறய?" என்றார் ஞானையன், பாவமாக.

"முதல்ல வந்து இட்லி சாப்பிடும்" என்றாள் செல்லக்கனி. "பெரிய கொப்பரை இப்ப காலியாத்தான் இருக்கு. அப்பொறம் நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. பொம்மைய வண்டியில மாட்டலாம். ஆனா ரோட்டப் பாத்து நிறுத்தப்பிடாது. எவளாவது சூடத்தோட வந்தா திரும்பக் கழத்துவேன். இந்தத் தடவ சொல்லிட்டுக் கழத்துவேன்."

பதினொன்றரை மணிக்குக் கேடிலாக் கிளம்பியது. ஓட்டியது ஆதிரா. இடது பக்கம் ஸ்டீயரிங் அவளுக்குப் புதிது. வலப்பக்கத்தில் உட்கார்ந்த பெரியப்பா, எதிரே வரும் பஸ்ஸுக்கெல்லாம் தன் காலால் பிரேக் போட்டார். பின்சீட்டில், வாழ்க்கையில் முதல்முறையாக, அப்பா.

"சோபா மாதிரி இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். "தூக்கம் வருது."

"பின்ன? உன் வண்டி மாதிரி பெஞ்சுன்னு நினைச்சியா?"

"ஆனா சாயுத எடத்துல என்னமோ குத்துது அண்ணே." அப்பா சீட்டின் இடுக்கில் கையை விட்டார். "காயிதம் மாதிரி…"

ஆதிரா கண்ணாடியில் பார்த்தாள். அப்பாவின் கையில் ஒரு நீல விமானத் தபால் உறை. ஓரம் பழுத்திருந்தது. குவைத் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது, தபாலில் போட்ட முத்திரை இல்லை. ஒட்டிய வாய் பிரிக்கப்படவே இல்லை. அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு விலாசத்தை வாய்விட்டுப் படித்தார்.

"குளோரி… குளச்சல்…"

"வண்டிய நிறுத்து மக்ளே" என்றார் பெரியப்பா.

இருபதடி வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ் ஹார்னை அமுக்கிப் பிடித்தது. பெரியப்பா திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடி, தோளுக்கு மேலாகக் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

காலையில் இருந்த சுயம்புராஜாக இருந்தால், இந்நேரம் அண்ணனைப் பற்றி ஒரு முழுக்கதை கட்டி முடித்திருப்பார். அதைத் தெருவுக்கும் சொல்லியிருப்பார்.

அப்பா உறையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"நானா ஒண்ணும் நினைக்கல்ல அண்ணே" என்றார். "யாரு இந்தக் குளோரி?"